லாபுவின் மேல் நின்ற மழைக்கோடு

பயணக் கட்டுரை என்றால் கடற்கரை, மலை, கோயில் என்று எதிர்பார்த்து வருவீர்கள். இந்த முறை நான் கிள்ளானிலிருந்து சிரம்பான் பக்கத்து லாபு வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தது ஒரு கோடு. கைப்பேசியில் மழைப் படம் பார்ப்போமே, அந்தப் படத்தில் தெரிந்த கோடு. சிரிக்காமல் படியுங்கள். அந்தக் கோட்டால் என் அண்ணியின் பிழைப்பே போக இருந்தது.

அண்ணி சரசு லாபுவில் ரப்பர் மரம் வெட்டுகிறார், பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. பெரிய தோட்டமெல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனையாகிப் பல காலம் ஆயிற்று. நடுவில் சிரம்பான் தவுக்கே, அதாவது முதலாளி, ஒருவருக்குச் சொந்தமான சின்ன ரப்பர் நிலம் மட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது. அதைப் பங்குக்கு வெட்டுவது அண்ணிதான். என் அண்ணன் லோரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் ஜொகூரில் இருப்பார். பள்ளி விடுமுறை தொடங்கிய வெள்ளிக்கிழமை அண்ணி போன் செய்து, வழக்கமான நலம் விசாரிப்பு எதுவும் இல்லாமல் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"கௌரி, இந்த மழைப் படத்த நம்பி நான் கெட்டது போதும்மா. காலையில எந்திரிச்சுப் பாத்தா லாபு மேல மழைன்னு காட்டுது. வெட்டப் போகாம ஒக்காந்திருந்தா ஒரு சொட்டு இல்ல. தவுக்கே இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் பாப்பாராம். அப்புறம் மரத்த வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னு சொல்லிட்டாரு."

வெளியே எட்டிப் பார்த்தால் தெரியாதா என்று கேட்காதீர்கள், நானும் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். மரம் வெட்டுவது விடிவதற்கு முன்னால். இருட்டில் வானம் எதையும் சொல்லாது. வெட்டிய பிறகு மழை வந்தால் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் இருக்கும் பால் தண்ணீரோடு வழிந்துவிடும், வெட்டியது வீண். அதனால்தான் படம் பார்க்கிறார்கள். படம் கிடக்கட்டும் என்று ஒருநாள் துணிந்து போயிருக்கிறார் அண்ணி. அன்றைக்குப் பார்த்து நிஜ மழை வந்து மொத்தப் பாலும் போயிற்று. தவுக்கேயோ தினமும் காலையில் போன் போட்டு "ஊஜான் கா?" என்று ஒரே கேள்விதான் கேட்பார். மழையா என்றால் படத்தை நம்பி ஆமாம் என்பார் அண்ணி. சிரம்பானில் அவர் வீட்டு வாசல் காய்ந்து கிடக்கும். அந்த மனிதர் எத்தனை நாள்தான் நம்புவார்?

படத்தை அனுப்பச் சொன்னேன். மூன்று நாள் படம் அனுப்பினார். பார்த்ததும் என் மூக்கு வியர்த்துவிட்டது. லாபு மேல் இருந்தது மழை மாதிரியே இல்லை. மேற்கே விமான நிலையத்துப் பக்கமிருந்து கிழக்கே சிரம்பான் வரைக்கும், ஸ்கேல் வைத்துக் கிழித்தது போல மெல்லிய நேர்கோடு. மூன்று நாளும் அதே இடம், அதே சாய்வு. மழை நகரும், உருவம் மாறும், கலையும். மூன்று நாள் ஒரே இடத்தில் விறைத்துக்கொண்டு நிற்காது.

நான் பிழைப்புக்குப் பார்ப்பது கிள்ளானில் ஒரு பெரிய மருத்துவமனையில் வைஃபை வேலை. அதனால் இது என்னவாக இருக்கும் என்று ஒரு சந்தேகம் உடனே வந்தது. ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார என்னால் ஆகாது. மறுநாள் சனிக்கிழமை, துணி இரண்டு, வேலைக்கு எடுத்துப் போகும் மடிக்கணினி, பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கிள்ளானில் காலை 6.20 கொம்யூட்டர் ரயில். கே.எல். சென்ட்ரலில் இறங்கி சிரம்பான் வழித்தட ரயிலுக்கு மாற வேண்டும். நடுவில் இருபது நிமிடம் கிடைத்தது, பசியாறிவிட்டேன். நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறும் டீயும் ஏழு வெள்ளி (ரிங்கிட்). சென்ட்ரலுக்குள் சாப்பிட்டால் அப்படித்தான் தீட்டுவார்கள். பயண அட்டையில் இரண்டு ரயிலுக்கும் சேர்த்துப் பதினோரு வெள்ளிச் சொச்சம் கழிந்தது. காஜாங், பாங்கி தாண்டியதும் கூட்டம் குறைந்து உட்கார இடம் கிடைக்கும். நீலாய்க்கு அடுத்தது லாபு. நான் இறங்கியபோது மணி 8.50, என்னோடு இறங்கியது ஒரு மலாய்க்கார அம்மாவும் அவர் வாங்கி வந்த மின்விசிறிப் பெட்டியும் மட்டுமே.

நிலையத்திலிருந்து அண்ணி வீடு நான்கு கிலோமீட்டர். வாடகைக் கார் கூப்பிட்டுப் பார்த்தேன், செயலி சுற்றிக்கொண்டே இருந்தது. அண்ணியே மோட்டாரில் வந்து நின்றார். ஏறும்போதே, "கம்பியூட்டர் படிச்ச நாத்தனார் வந்தாச்சு, இனிமே மேகமெல்லாம் ஒதுங்கிப் போயிரும்" என்று கிண்டல் வேறு. போகும் வழி நெடுகச் செம்பனை. வெயில் சுள்ளென்று அடிக்கிறது. கைப்பேசியில் எங்கள் தலைக்கு மேல் மழை. எனக்குச் சிரிப்பு வந்தது, அண்ணிக்கு வரவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் வேலைப் பேச்சு, பொறுத்துக்கொள்ளுங்கள். வானிலை ராடார் ஒரு அலையை வீசிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும். மழைத்துளியில் பட்டு அலை திரும்பினால், அந்தத் திசையில் மழை என்று படத்தில் தீட்டிவிடும். வைஃபை பயன்படுத்தும் அலைவரிசைகளில் சில, ராடாருடையவையும் கூட. அவற்றை நாம் பயன்படுத்தலாம், ஆனால் ஒரு நிபந்தனை: நம் வைஃபை பெட்டி பேசுவதற்கு முன் ஒரு நிமிடமாவது கவனித்துக் கேட்க வேண்டும், ராடார் சத்தம் கேட்டால் அந்த அலைவரிசையை, அதாவது சேனலை, விட்டு உடனே விலகி அரை மணி நேரம் அந்தப் பக்கமே போகக் கூடாது. கேட்காமல் ஒருவன் பேசிக்கொண்டே இருந்தால் ராடாருக்கு அவன் குரலும் மழைத்துளி மாதிரிதான். அவன் இருக்கும் திசை முழுவதற்கும் ஒரு கோடு இழுத்துவிடும். அண்ணி அனுப்பிய படத்தில் நான் பார்த்தது அந்தக் கோடு என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஆனால் கோடு பல கிலோமீட்டர் நீளம். அதில் எந்தப் புள்ளியில் அந்த வாயாடி இருக்கிறான்? இதுதான் என்னை ஆட்டிவைத்த கேள்வி. படத்தை வரைபடத்தின் மேல் பொருத்தி, கோடு போகும் பாதையில், அலை தடையின்றி ராடாரை எட்டக்கூடிய உயரமான இடங்களை மட்டும் குறித்துக்கொண்டேன். அண்ணியின் மோட்டாரை வாங்கிக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். முதலில் போனது செம்பனை ஆலை. வாசலில் நின்று, சேனல் பார்க்கும் செயலியைத் திறந்தேன். அங்கே இருந்தது பழைய வகை வைஃபை, ராடார் பக்கமே வராதது. புகையும் ஆலை வாடையும் வாங்கிக்கொண்டு திரும்பியதுதான் மிச்சம்.

அடுத்த உயரம், பழைய துரை பங்களா நின்ற குன்று. இப்போது அது மாணவர்கள் தங்கிப் படிக்கும் ஒரு பெரிய தொழிற்பயிற்சிக் கல்லூரி. குன்றின் மேல் அலுவலகமும் வகுப்பறைகளும். பள்ளத்தில், மேற்குப் பக்கம், செம்பனைக்கு அந்தப்புறம் விடுதி. சாலையில் நின்று பார்த்தபோதே அலுவலகக் கூரையில் ஒரு சின்ன வெள்ளை ஆன்டெனாத் தட்டு மேற்கைப் பார்த்து நிற்பது தெரிந்தது. செயலியைத் திறந்தேன். சேனல் 124, வானிலை ராடாருக்கு உரியது. வேறு எவருமே இல்லாத இடத்தில் ஒற்றை ஆளாக, காது கிழிகிற சத்தத்தில். அந்தத் தட்டு விடுதியைப் பார்க்கிறது. விடுதிக்குப் பின்னால் அதே திசையில், கோடு தொடங்கும் விமான நிலையத்துப் பக்கம், ராடார். விடுதிக்கு அனுப்புவதெல்லாம் ராடார் காதிலும் போய் விழுகிறது. வெயிலில் நடுரோட்டில் நின்றுகொண்டு நான் கைதட்டியதைப் பார்த்து வாசலில் காவல் இருந்த ஜாகா எழுந்தே வந்துவிட்டார்.

ஜாகாவிடம் விஷயத்தை எப்படிச் சொல்வது? மழையைப் பற்றிப் புகார் சொல்ல வந்திருக்கிறேன் என்றால் உள்ளே விடுவாரா? மருத்துவமனை வைஃபை பிரிவு, உங்கள் வைஃபை ஆளைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் போன் செய்து கூப்பிட்ட ஆள் பிரான்சிஸ். முப்பது வயதிருக்கும், சிரம்பான் லோபாக்கில் வீடு. திங்கள்கிழமை விடுதி மாணவர்களுக்கு இணையத் தேர்வு, அதனால் சனிக்கிழமையும் வேலைக்கு வந்திருந்தார். முதலில் என்னை ஏதோ பெட்டி விற்க வந்தவள் என்று நினைத்து, வாங்கும் முடிவெல்லாம் மேலிடம் என்று சொல்லிப் பார்த்தார். படத்தைக் காட்டி, அண்ணி கதையைச் சொன்ன பிறகுதான் உட்காரச் சொன்னார்.

அவர் கதையும் சாதாரணமில்லை. விடுதிக்கு மண்ணுக்கடியில் போட்டிருந்த கேபிளைச் செம்பனை மறுநடவுக்கு வந்த மண்வாரி அறுத்துப் போட்டுவிட்டது. திரும்பப் போட ஒதுக்கீடு இல்லை. கூரைக்குக் கூரை காற்றிலேயே இணைப்புக் கொடுத்திருக்கிறார். அது அடிக்கடி அறுந்தது. அறுந்த ஒவ்வொரு முறையும் விடுதி வார்டன் முதல் முதல்வர் வரை இவரைத்தான் பிடித்து உலுக்கியிருக்கிறார்கள். பெட்டி ராடாரைக் கேட்டுவிட்டு ஒதுங்கியதால்தான் அறுந்தது. அது இவருக்குத் தெரியும். அதனால் பெட்டியின் அமைப்பில் மலேசியாவை எடுத்துவிட்டு, இந்த நிபந்தனை இல்லாத வேறு நாட்டைப் போட்டு, பெட்டி கேட்கும் வேலையை நிறுத்திவிட்டார். பிறகு எந்தச் சேனலில் கூட்டமே இல்லை என்று தேடியிருக்கிறார்.

"இந்த ஏரியாவுல அந்தச் சேனல்ல ஒரு ஆள் இல்லக்கா. சுத்தமா காலி. கிடைச்சது லக்குன்னு போட்டுட்டேன் லா. அன்னையிலருந்து ஒரு நாள் கூட அறுக்கல."

"ஏன் எல்லாரும் காலியா விட்டு வச்சிருக்காங்கன்னு தோணலையா, தம்பி?"

எனக்கு அவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோருக்குமே காலிச் சேனலைக் கண்டால் வாயில் எச்சில் ஊறும். ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் நிறுத்தும் இடம் காலியாக இருக்கிறது என்று சந்தோஷமாகக் காரை விட்டவர் கதைதான் இது. அந்தச் சந்தோஷம் எனக்கும் தெரியும்.

ஆனாலும் அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. கூரையில் இருக்கும் இத்தனூண்டு தட்டு அவ்வளவு பெரிய ராடாரை என்ன செய்துவிடும் என்றார். நியாயமான கேள்வி. வாதாடுவதைவிடப் பார்த்துவிடலாம் என்றேன். விடுதியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இணைப்பை அணைக்கச் சம்மதித்தார். மழைப் படம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். அலுவலகப் படியில் ஆளுக்கொரு ஐஸ் டீயோடு உட்கார்ந்தோம். முதலில் வந்த படத்தில் கோடு அப்படியே இருந்தது. அது அணைப்பதற்கு முன் எடுத்ததாக இருக்கும் என்றேன், எனக்கே குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. அடுத்த படத்தில் லாபு சுத்தமாக இருந்தது. கோடு இருந்த சுவடே இல்லை.

பிரான்சிஸ் எழுந்து போய் இணைப்பைப் போட்டார். கோடு திரும்ப வந்தது. மறுபடி அணைத்தார். போனது. மூன்றாவது தடவையும் செய்து பார்த்தார், அது என்னை நம்பாததால் அல்ல என்று நினைக்கிறேன். முகம் வாடிவிட்டது. இந்த இணைப்புதான் இந்தக் கல்லூரியில் அவர் செய்ததிலேயே பேர் வாங்கிக் கொடுத்த வேலை. "ஒங்க அண்ணி வெட்டுக்குப் போகாததுக்கு நான்தான் காரணமாக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

அதன் பிறகு மாலை ஐந்தரை வரை அங்கேதான் இருந்தேன். திங்கள்கிழமைத் தேர்வு கெட்டால் அவர் கதி என்ன என்பதும் என் தலையில் இப்போது ஏறியிருந்தது. முதலில் அமைப்பில் நாட்டை மறுபடி மலேசியாவாக்கினோம். பெட்டி மறுபடி கேட்க ஆரம்பித்தது. வானிலை ராடாருக்கான 120, 124, 128 மூன்றையும் பட்டியலிலிருந்தே தூக்கினோம். இங்கே ராடார் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது அவற்றில் உட்கார்ந்தால் தினமும் எழுந்து ஓட வேண்டியதுதான். கூரை இணைப்பை ராடார் இல்லாத மேல் சேனலுக்குக் கொண்டுபோகலாம் என்றால், அங்கே கல்லூரியின் சொந்தப் பெட்டிகளே நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. அறுபது சொச்சம் பெட்டி. ஒவ்வொன்றும் நாலு சேனல் அகலத்தைப் பிடித்துக்கொண்டு, நாலு வழிச் சாலையை ஒரே லோரி அடைத்துக்கொண்டு போவது போல. பெரிய இடங்களில் இதுதான் எல்லோரும் செய்யும் கூத்து. வேகக் கணக்கு பெரிதாகத் தெரியும், ஆனால் ஒருவர் பேசும்போது பக்கத்திலிருப்பவர்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

உள்ளே இருக்கும் பெட்டிகளை ஒற்றைச் சேனல் அகலத்துக்குக் குறைத்தோம். கூரைக்குப் பக்கத்துப் பெட்டிகளை மேல் சேனல்களிலிருந்து இறக்கி, ராடாரோடு பங்கு போடும் மற்றச் சேனல்களில் கேட்கும் காதோடு உட்கார வைத்தோம். பங்குச் சேனலே வேண்டாம் என்று பயந்து ஒதுக்கினால் இத்தனை பெட்டிக்கு எங்கே இடம்? என் மருத்துவமனையிலும் இப்படித்தான் வைத்திருக்கிறேன். ராடார் கேட்டு ஒதுங்கும்போது எல்லாப் பெட்டியும் ஒரே இடத்துக்கு ஓடி விழாமல், யார் எங்கே போக வேண்டும் என்றும் பிரித்து வைத்தோம். கடைசியில் கூரை இணைப்பின் வேகம் முன்பு இருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பிரான்சிஸ் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல்வருக்குத் தினமும் காட்டிப் பெருமைப்பட்ட எண் அது. விடுதிக்கு ஆளனுப்பி மாணவர்கள் எல்லோரையும் ஒரே நேரத்தில் மாதிரித் தேர்வைத் திறக்கச் சொன்னோம். திறந்தது. அறுக்கவில்லை. அப்போதுதான் அவர் தோள் இறங்கியது. கல்லூரிப் பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், எழுதவில்லை.

போக நினைப்பவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமைக் காலைக்கு அப்புறம் எனக்கு எழுத ஒன்றுமில்லை. லாபு நிலையத்தில் இறங்கினால் வண்டி கிடைக்கும் என்று நம்பாதீர்கள். தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் நீலாயிலேயே இறங்கிக் கார் பிடிப்பது நல்லது. சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள். தோட்டப் பாதைகளில் தனியார் நிலம் நிறைய, சங்கிலி போட்டிருந்தால் திரும்பிவிடுங்கள். மழைப் படத்தை ஒரு படமாகப் பார்க்காமல் மூன்று நான்கை அடுத்தடுத்துப் பாருங்கள்; நகர்வதுதான் மழை. இதைப் படிக்கிறவர்களில் என் தொழில்காரர்கள் இருந்தால் ஒன்றே ஒன்று: காலிச் சேனலைப் பார்த்தால் உட்காருவதற்கு முன் அது யாருக்காகக் காலியாக இருக்கிறது என்று விசாரியுங்கள். கூரையில் மாட்டும் தட்டுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும்.

அன்று மாலை அண்ணியிடம் சுத்தமான படத்தைக் காட்டியபோது அவர் பெரிதாக மகிழ்ந்துவிடவில்லை. காலையில் பார், மறுபடி வந்து நிற்கும் என்று சொல்லிவிட்டுக் கத்தியைத் தீட்டப் போய்விட்டார். ஏமாந்தவருக்கு அப்படித்தான் இருக்கும்.

ஞாயிறு காலை 4.45. அண்ணி பூட்ஸ் போட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார். நான் படத்தைத் திறந்தேன். லாபுவுக்குக் கொஞ்சம் மேற்கே பெரிய சிவப்புத் திட்டு. அண்ணி எட்டிப் பார்த்தார். கோபப்படக்கூட இல்லை. "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தார். இன்றைக்குப் படம் என்ன சொன்னாலும் வெட்டியே தீருவது என்று முடிவெடுத்திருந்தார். மாதக் கடைசிக்கு அதிக நாள் இல்லை.

முந்தைய படங்களை ஓட்டிப் பார்த்தேன். திட்டு நகர்ந்துகொண்டிருந்தது. இது கோடு இல்லை, ஓரமெல்லாம் பிய்ந்து, உருவம் மாறி, எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. "அண்ணி, இது நெசம். போகாதீங்க" என்றேன். நான் சொன்னது தப்பானால் அவர் மரத்தை இழப்பது என்னால். ஒரு கால் மணி நேரம் மட்டும் பொறுங்கள் என்று கெஞ்சினேன். அண்ணி விளக்கை அணைக்காமல், கத்தியைக் கீழே வைக்காமல், படியில் உட்கார்ந்தார்.

முதலில் செம்பனைப் பக்கமிருந்து ஒரு இரைச்சல். பிறகு காற்று. பிறகு கூரைத் தகரத்தின் மேல் கூடை கூடையாகக் கொட்டியது. வெட்டப் போயிருந்தால் முதல் வரிசை மரம் முடிந்திருக்கும், பால் அத்தனையும் தரையில் ஓடியிருக்கும். அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

அப்போது அவர் கைப்பேசி அடித்தது. தவுக்கே. "ஊஜான் கா?" என்று அந்த அலுத்த குரல் எனக்கே கேட்டது. அண்ணி கைப்பேசியை உயர்த்திக் கூரைக்கு நேரே பிடித்தார். கை வலிக்கும் வரை பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு இறக்கிக் காதில் வைத்தார்.

தவுக்கே, "எசோக் பொலே?" என்றார். நாளைக்கு முடியுமா, வெட்டுவாயா என்று கேட்கிறார்.

"பொலே, தவுக்கே," என்றார் அண்ணி.